யார்டு வாசல் கேமரா

திருட்டை நிறுத்த முதலாளி முதலில் செய்தது மதில் மேல் கண்ணாடி பதித்தது. சோடா பாட்டில், மருந்து பாட்டில் எல்லாவற்றையும் உடைத்து ஈர சிமெண்டில் குத்தி வைத்தார்கள். உடைத்துக் கொடுத்தது நாங்கள்தான். கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை கிழிந்தது. புடவை முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதி பாட்டிலையும் அவளே உடைத்தாள். உள்ளே இருப்பவர்கள்தான் எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டு, வெளியிலிருந்து ஏறி வருகிறவனுக்குக் கண்ணாடி பதிக்கிற புத்தியை என்னவென்று சொல்ல.

அது பழைய இரும்பு யார்டு. கல்மண்டபத்திலிருந்து வடக்கே போகிற சாலையில், லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். உடைத்த கப்பல்களின் சாமான்கள் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து குவியும். ஆண்கள் கேஸ் வைத்துத் தகடுகளை அறுப்பார்கள். பெண்கள் நாங்கள் உட்கார்ந்து பித்தளை தனி, செம்பு தனி, ஈயம் தனி என்று பொறுக்கிப் போடுவோம். ஒயரை எரித்துச் செம்புக் கம்பியை எடுப்போம். அந்தப் புகையைக் குடித்துக் குடித்து எனக்கு இருபது வயதிலேயே கிழவிகள் மாதிரி இருமல் வந்துவிட்டது.

என் அண்ணன் அதே யார்டில் கேஸ் கட்டர். அவன்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டான். அப்பா செத்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா காசிமேட்டுப் பக்கம் ஒரு இறால் ஷெட்டில் எறா உரித்துக்கொண்டிருந்தாள்.

திருட்டு நடந்ததா என்று கேட்டால், நடந்தது. இடுப்பில் ஒரு பித்தளை நட்டைச் செருகிக்கொண்டு போனவர்கள் உண்டு. லாரியோடு மொத்தச் சரக்கையே வேறு கிடங்குக்குத் திருப்பிவிட்டவர்களும் உண்டு. அவர்கள் ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கண்ணாடியும் காவலும் நட்டு எடுத்தவர்களுக்குத்தான் வந்தது.

கண்ணாடி உதவவில்லை என்று தெரிந்ததும் ஒரு நாய் வந்தது. கறுப்பாக, பெரிதாக, போலீஸ் நாய் ஜாதி என்று மேஸ்திரி சொன்னார். அதற்குத் தினமும் கறி வாங்கிப் போடச் சொல்லி முதலாளி மேஸ்திரியிடம் பணம் கொடுத்திருந்தார். மேஸ்திரி கறியைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பசியோடு கிடந்த நாய்க்கு நாங்கள் எங்கள் தூக்கில் இருந்த மீன் குழம்புச் சோற்றைப் போட்டோம். அது எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது, முதலாளி காரை விட்டு இறங்கும்போது குரைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வேட்டியைப் பிடித்தது. அத்தோடு நாயைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்தது கூர்க்கா. பாவம், எங்கேயோ மலையிலிருந்து வந்தவன். வெயில் தாங்காமல் தண்ணீர்க் குடத்தைக் காலி செய்துகொண்டே இருந்தான். அண்ணன் அவனோடு தோஸ்து ஆகிவிட்டான். தமிழ் கற்றுக் கொடுக்கிறேன் என்று சொல்லி முதலாளிக்கு வணக்கம் சொல்வதற்கு ஒரு வார்த்தை கற்றுக் கொடுத்தான். அதை இங்கே எழுத முடியாது. கூர்க்காவும் போனான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சோதனை. சாயந்திரம் வேலை விட்டதும் ஆண்களை மேஸ்திரி தடவிப் பார்ப்பார். பெண்களுக்கென்று ஒரு பொம்பளையை வைத்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் கோணி கட்டி மறைத்த இடம். உள்ளே போனதும் அவள் சொல்வது ஒரே வார்த்தை: "ஒதறு."

புடவையை உதற வேண்டும். ஜாக்கெட்டுக்குள் கை விடுவாள். மாதவிலக்கு நாட்களிலும் விடமாட்டாள். ஒருமுறை நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னாடி, ராணியா நீ? எதுனா வச்சிகினுகீறதுனாலதானே தட்டுற?" என்றாள்.

"உன் பொண்ணை இப்படி ஒருத்தி தடவினா தெரியும்."

"என் பொண்ணு இரும்புப் பொறுக்கல."

கோணிக்கு வெளியே ஆண்கள் நின்று சிரிப்பது கேட்கும். அண்ணன் சிரிக்கமாட்டான். தள்ளிப்போய் ரோட்டில் நிற்பான். வீட்டுக்குப் போகிற வழியில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கேமரா வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது உண்மை. கேமரா ஜாக்கெட்டுக்குள் கை விடாது.

அதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேதான் நான் செம்பு பொறுக்கிக்கொண்டிருப்பேன். முதலாளி யானைக்கவுனியில் இருந்து வருகிறவர். சிங்கப்பூர் போய்விட்டு வந்த ஒரு சொந்தக்காரரை அழைத்து வந்திருந்தார். அங்கே பெரிய கடைகளில் சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறது, அது ஆட்களைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது, முதலாளி வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்றார் சொந்தக்காரர். விலையைக் கேட்டதும் முதலாளி 'அடேயப்பா' என்றார். பிறகு மேஸ்திரியின் குரல் கேட்டது.

"மொதலாளி, கூர்க்கா தூங்குவான். நாய் சாப்பிடும். பொம்பள ஆளு நாள பின்ன இவளுங்களோட சேந்துக்குவா. பெட்டி தூங்காது, துன்னாது, தோஸ்து புடிக்காது. ஒரு தபா மாட்டினா முடிஞ்சுது. நம்ம கைல உடுங்க, நான் பாத்துக்கறேன்."

அடுத்த திங்கட்கிழமை காலையில் நாங்கள் போனபோது அது ஆபீஸ் வாசலுக்கு மேலே மாட்டியிருந்தது. சாம்பல் நிறப் பெட்டி. முன்னால் தடித்த வட்டக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் ஆபீசுக்குள் போனது.

முதலாளி எல்லோரையும் வாசலில் நிற்க வைத்துப் பேசினார். "இது ஜெர்மன் சாமான். நீங்க வர்றது, போறது, குனியறது, நிமிர்றது எல்லாம் இதுல படமா விழுது. ஒவ்வொருத்தர் படமும் என்கிட்ட பத்திரமா இருக்கும். இனிமே சோதனை கிடையாது. மரியாதையா வேலை செய்யுங்க."

மரியாதை என்றார். கோணியைக் கழற்றினார்கள். அந்தப் பொம்பளை போய்விட்டாள். நாங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

முதல் சில நாட்கள் எல்லோரும் பயந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது குனிந்துகொண்டு போனார்கள். பிறகு அது வேறு மாதிரி ஆனது. பெண்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பூ வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். ஆண்கள் சீப்பு வைத்துக்கொண்டார்கள். போட்டோ என்பது எங்களுக்கெல்லாம் வாழ்க்கையில் ஒருமுறை, இரண்டு முறை நடக்கிற காரியம். கல்யாணத்துக்கு ஒன்று. செத்தால் ஒன்று. இங்கே தினமும் இலவசமாக எடுக்கிறான் என்றால் விடுவார்களா?

அண்ணன்தான் இதில் ரொம்ப மோசம். கேஸ் கட்டர்கள் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு இருப்பார்கள். வாசல் பக்கம் வந்தால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றுவான். துணியை அவிழ்ப்பான். தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வைத்துக்கொண்டு பெட்டிக்கு நேராக நிற்பான்.

"மொதலாளி, நல்லா புடி. சைடு போஸ் வோணுமா? இந்தா." திரும்பி நிற்பான்.

"டேய், நீ இன்னா சினிமாவுலயா நடிக்கிறே? லாரி நிக்கிது பாரு, போடா" என்று மேஸ்திரி கத்துவார்.

"மேஸ்திரி, ஒனக்கு வயித்தெரிச்சல். ஒன் மூஞ்சிய புடிச்சா ஜெர்மன் சாமான் ரிப்பேராயிடும்."

யார்டே சிரிக்கும். மேஸ்திரியும் சிரிப்பார். அவர் ஏன் அவ்வளவு சிரித்தார் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருடம் அம்மா அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். வியாசர்பாடியில் ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் போட்டோ கேட்டார்கள். கல்மண்டபம் ஸ்டுடியோவுக்குப் போய் ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாத்துக்கும்மா தண்டம்? யார்டுல எத்தினி கீது தெரியுமா? சிரிச்ச மேனிக்கு ஒண்ணு, சைடுல ஒண்ணு, தொப்பி போட்டுகினு ஒண்ணு. கண்ணாலம் வரட்டும், மொதலாளிகிட்ட கேட்டு நல்லதா ஒண்ணு பொறுக்கி எடுத்துக்கலாம்."

"அவுரு குடுப்பாராடா?"

"அவுருக்கு எதுக்கும்மா என் மூஞ்சி? கும்புடவா போறாரு?"

அம்மா நம்பினாள். நானும்தான் நம்பினேன். அதற்குப் பிறகு ஸ்டுடியோ பேச்சை அம்மா எடுக்கவில்லை. அடுப்புக்கு நேரே மேலே, அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில், அண்ணன் கல்யாண போட்டோவுக்கென்று ஒரு ஆணி அடித்து வைத்தாள்.

அப்பா போட்டோ என்பது அவர் செத்த பிறகு எடுத்ததுதான். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, பின்னால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள எடுத்தார்கள். மூடிய கண்ணுக்கு மேலே ஸ்டுடியோக்காரர் திறந்த கண்ணை மையால் தீட்டிக் கொடுத்தார். தாடைத் துணியையும் அழித்துவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படிப்பட்ட போட்டோதான். உயிரோடு இருக்கும்போது யாருக்கும் நேரம் இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு பழைய இரும்பு பார்ஜ், சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகு, மணல் தட்டி நின்றுகொண்டிருந்தது. முதலாளி அதை அப்படியே விலைக்கு எடுத்தார். இழுத்துக்கொண்டு வர முடியாது, அங்கேயே அறுத்துக் கொண்டுவர வேண்டும். அண்ணனையும் இன்னும் சிலரையும் அனுப்பினார்கள். ஆளையும் தகட்டையும் கட்டக் கயிறு போதவில்லை என்று அண்ணன் மேஸ்திரியிடம் இரண்டு முறை சொன்னான். அதை நானே கேட்டேன். இருக்கிற கயிற்றில் செய்யுங்கள் என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது.

அவன் நின்று அறுத்த தகடு அவனோடு சரிந்து தண்ணீருக்குள் போனது. கழித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். ஓட்டம் அவனை இழுத்துவிட்டது. கூடப் போனவர்கள் குதித்துத் தேடியும் கிடைக்கவில்லை. முகத்துவாரக்குப்பத்து மீன்காரர்கள் கட்டுமரத்தில் போய்ச் சில நாட்கள் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றை வைத்துத்தான் நான் அடையாளம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்த பிறகு, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், நேராகச் சுடுகாட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஸ்டுடியோக்காரர் வழக்கம் போலச் சைக்கிளில் பெட்டியையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கே வந்துவிட்டார். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாயை விலக்கி ஒருமுறை பார்த்தார். திரும்ப மூடினார். முக்காலியை மடக்கினார்.

என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "எம்மா, இதுல நான் இன்னாத்த எடுக்கறது? மூஞ்சின்னு ஒண்ணு இருந்தாத்தானே கண்ணு வரைய முடியும்."

அம்மா தெருக்கோடியிலேயே நின்றிருந்தாள். பெண்களைச் சுடுகாட்டுக்குள் விடுவது வழக்கமில்லை. அடையாளம் சொல்லப் போய் உடம்போடேயே வந்ததால் என்னை மட்டும் விட்டார்கள். திரும்பி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "போட்டோ புடிச்சாரா?"

இல்லை என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல. யார்டுல கீது."

காரியத்துக்கு முன்னால் போட்டோ வேண்டும். விளக்கு வைக்க, மாலை போட, ஒரு முகம் வேண்டும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு யார்டுக்குப் போனாள். முதலாளி ஆபீசில் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். அதுவரை அந்த ஆபீசில் எங்களில் யாரும் உட்கார்ந்ததில்லை. அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

"நைனா, நான் வேற எதுவும் கேக்க வர்ல. கயிறு கத எல்லாம் எனக்கு வோணாம், அது ஒங்களுக்கும் கடவுளுக்கும். அந்தப் பொட்டில என் புள்ள படம் நெறைய கீதாமே. அதுல ஒண்ணு குடுங்க. நல்லதா வோணாம். எதுனா ஒண்ணு."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சுவரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள்.

"அம்மா, அது... ஃபிலிம் கழுவ பம்பாய்க்குப் போயிருக்கு. இங்க கழுவ முடியாது. ஜெர்மன் ஃபிலிம் பாருங்க. வந்ததும் தர்றேன்" என்றார் முதலாளி.

"எப்ப வரும் நைனா?"

"வரும், வரும். கொஞ்சம் நாளாகும்."

அம்மா அவரைக் கும்பிட்டாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

காரியம் போட்டோ இல்லாமல் நடந்தது. அவன் சட்டையை மடித்து வைத்து அதன்மேல் மாலையைப் போட்டோம். அண்ணன் போட்டோ பம்பாயில் இருக்கிறது என்று அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ வேலை கிடைத்துப் போயிருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

அதன் பிறகு அவள் ஷெட்டில் எறா உரித்து முடித்ததும் தினமும் யார்டுக்கு வந்துவிடுவாள். கையில் எறா நாற்றத்தோடு அந்தப் பெட்டிக்குக் கீழே குந்திக்கொள்வாள். முதலாளியின் கார் வந்தால் எழுந்து நிற்பாள்.

"பம்பாய்லேர்ந்து வந்துச்சா நைனா?"

"இன்னும் இல்லம்மா."

முதலில் அவர் காரை விட்டு இறங்கிப் பதில் சொன்னார். பிறகு காருக்குள்ளிருந்தே கையை ஆட்டினார். பிறகு பின்பக்கக் கதவு வழியாக வந்து போக ஆரம்பித்தார். ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்வதைவிடச் சேற்றில் நடந்து பின்வாசலுக்குப் போவது அவருக்குச் சுலபமாக இருந்தது. நான் அவர் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அவருக்காகச் செம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு வேண்டுமே.

மழைக்காலம் வந்தது. அம்மா கோணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க முடியாமலோ என்னவோ, ஒருநாள் மேஸ்திரி நான் தனியாக இருக்கும்போது பக்கத்தில் வந்தார்.

"இந்தாம்மே. ஒங்கம்மாவ வூட்டுக்கு இட்டுகினு போ. வராதுன்னு சொல்லு."

"எது வராது?"

"எதுவும் வராது. உள்ள ஒன்னியும் இல்லமே. அது கப்பல்ல இருந்து வந்த வெளக்குப் பொட்டி. நான்தான் பெயின்ட் அடிச்சி மாட்டினேன். பல்புக்கு மட்டும் கரண்டு. மொதலாளிக்கு ஜெர்மன் சாமான் வாங்க மனசு வருமா? நாலு பேரு பயந்தா போதும்னாரு." பிறகு அவசரமாகச் சொன்னார்: "நான் சொன்னேன்னு சொல்லிடாதே. பேஜாராயிடும்."

 எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் அந்தப் பெட்டிக்கு முன்னால் திரும்பித் திரும்பி நின்றபோது இவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது மட்டும் புரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோணியை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது? மேஸ்திரியா? அவன் மொதலாளி ஆளுடி. குடுக்கக் கூடாதுன்னு சொல்லச் சொல்லிகிறாங்க."

"எம்மா, அது வெறும் பொட்டி."

"ஒங்கண்ணன் தெனம் அது முன்னால நின்னானே. வெறும் பொட்டி முன்னாலயா நின்னான்? என் புள்ள இன்னா லூசா?"

 

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம், நான் ஒரு எண்ணெய் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினேன். மேஸ்திரி ஓடி வந்து, "எறங்குமே, எறங்கு" என்றார். இறங்கவில்லை. இரண்டு அடியில் பெட்டி சுவரை விட்டு வந்தது. மூன்றாவது அடியில் பின்பக்கத் தகடு பிய்ந்தது. அதைக் கொண்டுவந்து, கீழே குந்தியிருந்த அம்மா மடியில் போட்டேன்.

"பாரு. நல்லா பாரு."

உள்ளே துருவும் ஒரு பழைய பல்பு ஹோல்டரும் இருந்தன. ஆபீசுக்குள் போகிற கறுப்பு ஒயரின் முனை ஒரு ஆணியில் முடிச்சுப் போட்டிருந்தது. அவ்வளவுதான். எச்சில் கையோடு எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.  தினமும் அதற்காகத் தலை வாரியவர்கள் அவர்கள்.

அம்மா பெட்டிக்குள் கையை விட்டாள். ஒவ்வொரு மூலையாகத் தடவினாள். கடாயில் மிச்சம் தடவுவது மாதிரித் தடவினாள்.

முதலாளி வெளியே வந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்க. எங்கம்மா கிட்ட சொல்லுங்க. இதுல ஒரு நாளும் ஒரு படமும் புடிக்கலன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அது போதும். நான் வேலய உட்டுப் போயிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். வாசலுக்கு மேலே சுவரில் தெரிந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார். உண்மை அவர் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை நான் பார்த்தேன். ஆனால் சொல்லிவிட்டால் நாளையிலிருந்து யாருக்கும் பயம் இருக்காது. அவருக்குத் திருட்டுப் போகிற பித்தளை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஃபிலிம் பம்பாய்ல இருக்கும்போது பெட்டி காலியாத்தானே இருக்கும்" என்றார். "வந்ததும் தர்றேன்னு சொன்னேன் இல்ல? அதுக்குள்ள இப்படி உடைச்சா எப்படி?"

அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். அதைப் போன்ற கொடுமையை நான் பிறகு பார்த்ததில்லை.

"அதானே!" என்று என்னைத் திட்டினாள். "பிலிமு அங்க கீதுன்னா இது காலியாத்தானே இருக்கும்? அறிவில்ல ஒனக்கு? இப்ப கோவத்துல அவுரு குடுக்கலன்னா நீ இன்னாடி பண்ணுவே?" முதலாளி பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "சின்னப் பொண்ணு நைனா. மனசுல வச்சிக்காதீங்க."

என்னை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். யார்டுச் சாமானை உடைத்தவள் என்று பெயர். அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொரு பெட்டியை மாட்டினார்கள். இந்த முறை பச்சை பல்பு. பழையதுதான் டூப்பு, இது மெய்யாலுமே ஜெர்மன் சாமான் என்று மேஸ்திரி சொன்னாராம். கூட வேலை செய்தவள் ஒருத்தி என்னிடம் வந்து சொன்னாள், இதன் முன்னாலும் ஆட்கள் தலை வாரிக்கொண்டுதான் போகிறார்கள் என்று. காலிப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள். நான் யாருக்காக அந்த டிரம் மேல் ஏறினேன்?

நான் அம்மாவோடு எறா ஷெட்டில் சேர்ந்தேன். பனிக்கட்டித் தண்ணீரில் விரல்கள் வெளுத்து ஊறிப்போகும். அம்மா உரித்துக்கொண்டே, பம்பாயிலிருந்து ரயில் எத்தனை நாளில் வரும் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொள்வேன்.

வருஷம் ஓடியதும் ஸ்டுடியோக்காரர் ஒரு வழி சொன்னார். சினிமா பேனர் எழுதுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், ஜாடை சொன்னால் வரைந்து கொடுப்பார் என்றார். வரச் சொன்னோம். வயதானவர். பலகையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். நல்லவர்தான். பொறுமையாகக் கேட்டார். முகம் நீளமா, வட்டமா? நெற்றி ஏறியதா? மூக்கு?

அம்மா சொன்னாள். நான் சொன்னேன். அவர் போடுவார், அழிப்பார். முதலில் வந்தது பெரிய மீசை வைத்த கலெக்டர் மாதிரி இருந்தது. "இவரு யாரு?" என்று அம்மா கேட்டாள். அவரே சிரித்துவிட்டார். திரும்பப் போட்டார். கன்னம் கொஞ்சம் வந்தது. உதடு வந்தது போலத் தோன்றியது. நான் பலகைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தழும்பு, மச்சம் எதுனா இருந்துச்சாமா? அது போட்டா ஜாடை ஒக்காந்துக்கும்" என்றார்.

"புருவத்துல வெட்டு" என்றாள் அம்மா உடனே. "சின்ன வயசுல தகரம் கிழிச்சுது. சோத்துக்கை பக்கம்."

"இல்ல. பீச்சக்கை பக்கம்" என்றேன்.

"நான் பெத்தவடி. எனக்குத் தெரியாதா? ரத்தத்தத் தொடச்சவ நானு."

"எம்மா, நான் தெனம் எதிர்ல குந்தி சாப்ட்டவ. பீச்சக்கை பக்கந்தான்."

"அது ஒனக்கு எதிர்ல! அவனுக்கு எந்தப் பக்கம்?"

நான் யோசித்தேன். கையை என் புருவத்தில் வைத்துப் பார்த்தேன். எதிரில் அவனை உட்கார வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடினேன். வெட்டு தெரிந்தது. அதைச் சுற்றி முகம் தெரியவில்லை. மறுபடி கையை வைத்தேன். இப்போது அது மறுபக்கம் இருந்தது.

"சொல்லு" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. அவளும் தன் புருவத்தில் கையை வைத்திருந்தாள். முதலில் ஒன்றில். பிறகு மற்றதில்.

அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.